வெள்ளைச் சந்து

ட்ரம்மைத் தட்டினேன்.
வால்நுனியில் தொங்கிய புழுக்கள்
நெளிந்து அடிக்கு இறங்கின.
டார்ச் வெளிச்சத்தில் பதினேழு.
"கவுத்துராதீங்கக்கா,
இனி நாளான்னைக்குத்தான் தண்ணி"
என்றாள் ஜெபக்கனி.
துணி கட்டச் சொல்லிவிட்டு
கதவில் சாக்பீஸால் தேதி போட்டேன்.

மேலே, பை தைக்கும் பரணில்
ஏழு தலையணை, ஆறு தலை.
"அவனுக்கு ஜுரம்.
ஊருக்கு ரயில் ஏத்திட்டோம்."
ரத்தம் எடுத்தீங்களா?
மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது.
படிவத்தில்
இருப்பவர்களுக்குத்தான் கட்டம்.

வார்டு ஆபீஸ் சுவரில் வரைபடம்.
மாட்டுங்கா முழுக்கச் சிவப்புப் புள்ளி.
அங்கே லேப் இருக்கிறது.
தாராவியில் என் சந்து மட்டும்
துவைத்துப் போட்டாற்போல் வெள்ளை.
"நல்லா வேலை பாக்குறீங்க" என்றார் சாஹேப்.

தேநீர் வந்தது.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
என் புள்ளி
இந்நேரம் இடார்சி தாண்டியிருக்கும்.