புள்ளி எட்டு

கடிதம் ஆங்கிலத்தில் வந்தது,
டியர் மேடம் அடைக்கம்மை என்று.
முப்பத்தைந்து இருக்க வேண்டுமாம் பி.எம்.ஐ.
எனக்கு முப்பத்து நான்கு புள்ளி இரண்டு.
புள்ளி எட்டு குறைவதால்
வருந்துகிறார்கள்.

கோயில் கணக்கில் ஏற்கெனவே நான் அரைப்புள்ளி.
அவர் போன வருஷமே
நோட்டில் திருத்தி எழுதிவிட்டார்கள்.
இப்போது இன்சூரன்ஸ்காரர்களும்
புள்ளி வைத்துத்தான் பேசுகிறார்கள்.

இருபத்தாறு வயதில் நூற்றுப் பன்னிரண்டு கிலோ.
பெண் பார்க்க வந்தவர்கள்
நாற்காலியைப் பார்த்துவிட்டு
என்னைப் பார்த்தார்கள்.
அப்பச்சி காரை விற்றார்.
திருச்சியில் ரொக்கமாகக் கட்டினார்.
இரைப்பையின் கழுத்தில் ஒரு பட்டை மாட்டினார்கள்.
"இனி ஆயுசுக்கும் கவலையில்லை" என்றார் டாக்டர்.
யாருடைய ஆயுசு என்று நாங்கள் கேட்கவில்லை.

பதினான்கு வருஷம்.
செக்காலை ரோட்டு ஸ்கேனில்
சரிந்த ஒட்டியாணம் போலத் தெரிந்தது அது.
இட்லி இறங்காது.
ராத்திரி புளித்தது மேலே வரும்,
நான்கு தலையணை அண்டக்கொடுத்து
உட்கார்ந்தபடியே தூங்குகிறேன்.
உருகுவது மட்டும் உள்ளே போகும்:
ஐஸ்கிரீம், பாயசம்,
நெய்யில் குழைந்த கவுனி அரிசி.
இளைத்ததில் பாதி அப்படித்தான் திரும்பி வந்தது.
வந்ததும் போதவில்லை என்கிறது கடிதம்.

ஏஜெண்ட் சாத்தப்பன் குரலைத் தாழ்த்தினார்.
"ஆச்சி, ரெண்டு கிலோ ஏறினாப் போதும்.
ஒரு மாசம் நல்லாச் சாப்பிடுங்க."
சாப்பிட முடிந்தால்
நான் எதற்கு மனுப் போடுகிறேன்?

பழைய ஆபரேஷன் சீட்டும் வேண்டுமாம்.
திருச்சியில் அந்தக் கட்டடம் இப்போது நகைக்கடை.
வாசலில் நின்ற பையனிடம்
பழைய சீட்டு விஷயமாக வந்தேன் என்றேன்.
"நகைச்சீட்டு ரெண்டாவது மாடி, மேடம்."
லிஃப்ட் வேறு திறந்துவிட்டான்.

நான் கணக்கு எழுதுவது
கல்யாணச் சமையல் காண்ட்ராக்டரிடம்.
ஆயிரம் இலைக்கு எத்தனை கிலோ பருப்பு என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
அந்தச் சரக்கு அறையிலிருந்துதான் எடுத்தேன்,
இரண்டு கிலோ எடைக்கல்லை.
கழுவி, துடைத்து, பவுடர் போட்டு
கொசுவத்துக்குள் முடிந்துகொண்டு
மதுரைக்கு பஸ் ஏறினேன்.
மேலூர் வரைக்கும் வயிறு ஜில்லென்றிருந்தது.

நர்ஸ் ஜெசிந்தா எண்ணைக் குறித்தாள்.
இறங்கும்போது நழுவியது கல்.
என்னிடம் எதுவுமே
வைத்த இடத்தில் நிற்பதில்லை.

அவள் சிரிக்கவில்லை.
எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.
"முத்திரை காலாவதி ஆயிருச்சுக்கா."
பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் தந்தாள்.
"குடிங்க."

இரண்டு மடக்கு இறங்கியது.
மூன்றாவது, முதல் இரண்டையும் கூட்டிக்கொண்டு
வெளியே வந்தது.
எழுதிய எண்ணை அவள் அடித்தாள்.
"இது எடைக்குப் பண்ற ஆபரேஷன் இல்லக்கா.
தண்ணி நிக்கலை. அதை எழுதணும்."

விறகுச் செலவைப்
பாத்திர வாடகையில் ஏற்றியிருந்தால்
ஒரு பார்வையில் பிடிப்பேன் நான்.
பதினோரு வருஷ அனுபவம்.
என்னை மட்டும்
தப்பான தலைப்பில் எழுதி வைத்து
கூட்டிக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது மனுவில்
எடை என்ற சொல் எங்கும் இல்லை.
பட்டை நழுவியது, வழி அடைத்தது, அவ்வளவுதான்.
டாக்டர் கையெழுத்துப் போட்டார்,
கிடைக்குமா என்று கேட்டதற்கு
உதட்டைப் பிதுக்கினார்.

ஒன்பது நாளாகப்
பரிசீலனையில் என்கிறது போன்.
இன்று கோட்டையூரில் எழுநூறு இலை.
பருப்பு நிறுக்கிற முத்துக்கருப்பன்
கல்லை மூக்கருகே வைத்துப் பார்க்கிறார்.
"என்ன ஆச்சி, இதுல பவுடர் வாசம் அடிக்குது?"

நான் டம்ளர் ரசத்தை
ஊதிக்கொண்டிருக்கிறேன்.