பதினேழாம் பை

எமரால்டு தாண்டியதும் ஜீப்பை நிறுத்தி
முன்கண்ணாடிப் பனியை
ஆதார் அட்டையால் சுரண்டுகிறான் ஹாலன்.
காலை ஐந்தே முக்கால்.
மைனஸ் இரண்டு என்கிறது தெர்மாமீட்டர்.
விரல்கள் கையுறைக்குள்
எங்கேயோ போய்விட்டன.

குளிர் வானத்திலிருந்து விழுவதென்று நினைத்திருந்தேன்,
மன்னார்குடிக்காரிக்கு வேறென்ன தெரியும்.
இங்கே அது ராத்திரியெல்லாம்
தண்ணீர்போலச் சரிவில் வழிந்து
பள்ளத்தில் தேங்குகிறது.
மேட்டுப் புல்லுக்குக் கணுக்கால் அளவு.
பள்ளத்துப் புல்லுக்குத் தலைக்கு மேலே.
சோலைக்குள் மட்டும் நுழைவதில்லை,
வாசலில் செருப்பை விட்டதுபோல
விளிம்பு மரத்தடியில் வெள்ளையாய் நின்றுவிடுகிறது.

மேட்டிலிருந்து பள்ளம்வரை ஒரு கயிறு,
பத்தடிக்கு ஒரு முளை,
முளைக்கு ஒரு பை மண்.
கீழே போகப் போக
மண்ணே தரையில் இல்லை.
பனி ஊசிகள் அதை ஒரு விரற்கடை தூக்கிப் பிடித்திருக்கின்றன.
மிதித்தால் அப்பளச் சத்தம்.
மார்க்கர் மை உறைந்துவிட
பேனாவை அக்குளில் வைத்துச் சூடேற்றி எழுதுகிறேன்:
பை 17. பள்ளம். சே. தமயந்தி.

"இதுல என்ன மேடம் இருக்கு?"
இதுவரை மூன்று முறை கேட்டுவிட்டான்.
பூஞ்சை என்றேன்.
"பிரெட்ல வருமே, அதா?"
அதன் தூரத்துச் சொந்தம்.
தேயிலைமேல் தாகை போர்த்தி
இரண்டு மணிக்குத்தான் படுத்தானாம்.
அவன் கொட்டாவி ஆவியாகி
என் கண்ணாடியில் படிகிறது.

ஊட்டியில் மாதம் நாலாயிரம் வாடகை,
அதில் பாதி அறையை
பூசணத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.
உருளைக்கிழங்குச் சாறு, நாலு டிகிரி, இருட்டு.
அம்மா தூக்கி எறிவதையெல்லாம்
தட்டில் வைத்து வளர்க்கிறேன்.
கரண்ட் போனால் பதறுவதில்லை,
ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும்.

ஆறு வாரம்.
மேட்டு மண்ணில் நாற்பத்தொரு வகை,
சாம்பல், பாசிப்பச்சை, பல்லி முட்டை வெள்ளை.
பாதிச் சரிவில் பத்தொன்பது.
பள்ளத்தில் ஏழே ஏழு,
கறுப்பாய், ஒட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல்.
மற்றவை உறைகிற ராத்திரியில்
இவை சாப்பிட உட்காருகின்றன.

பதினேழாம் தட்டில் எட்டாவதாக ஒன்று.
வெளிறிய மஞ்சள், ஓரம் பஞ்சு.
நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு
நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.
பைன் வேரோடு குடித்தனம் நடத்துகிற பூஞ்சை.
மரமே நின்றிராத பள்ளத்தில்,
பள்ளத்தின் அடியில்,
மரத்துக்காகக் காத்திருக்கிறது!
அன்று தூங்கவில்லை.
கட்டுரைக்குத் தலைப்புகூட வைத்துவிட்டேன்.

மறுநாள் தங்கை அனுப்பிய போட்டோ.
மாதிரி எடுத்த நாளுக்கு முந்தின ஞாயிறு,
தலைகுந்தா பைன் காடு,
கையில் வேகவைத்த சோளம்,
ஊசியிலைச் சருகில் கணுக்கால்வரை புதைந்து
என் பழுப்பு பூட்ஸ்.

பேராசிரியர் போனில் சிரித்தார்.
"அந்தப் புள்ளியை எடுத்துடும்மா."
எடுத்துவிட்டேன், கணினியில்.
நோட்டில் பென்சில் புள்ளி
அழித்த இடத்தில் கொஞ்சம் பளபளப்பாய் இருக்கிறது.

பூட்ஸை ஸ்பிரிட்டில் கழுவி
மறுபடி இறங்குகிறேன்.
மூன்றடி தள்ளிப் புது முளை.
காற்றில் வந்திருக்கலாம் என்றும் தோன்றுகிறது,
காட்டெருமைக் குளம்பில்,
விறகு லாரி டயரில்.
யாரைக் கழுவுவது.

பழைய முளைக்குப் பக்கத்தில்
ஏழு வாரத்துக்கு முந்தைய என் கால்தடம்
அப்படியே இருக்கிறது,
குதிகால் பள்ளத்தில் மட்டும்
சுற்றிலும் உள்ளதைவிடத் தடித்த பனி.
அங்கேயும் ஒரு பை எடுக்கலாமா என்று
குனிந்து நிற்கிறேன்.
மேலே ஹாலன் ஹாரன் அடிக்கிறான்.