விருப்பு வாக்கு

முதல் சுற்றில் யாருக்கும் பாதி வரவில்லையாம்.
இரண்டாம் விருப்பு வாக்கை எண்ணுகிறார்கள் என்று
பேசாலையிலிருந்து சித்தி மகன் டிலக்சன் எழுதுகிறான்,
ஓடி வந்து சொல்பவன் மாதிரி எழுத்துப் பிழைகளோடு.
ஞாறான்விளையில் மழை.
தகரத்தில் விழுகிற சத்தத்தில்
அடுத்த வீட்டு டிவி என்ன சொல்கிறதென்று கேட்கவில்லை.
அடுத்த வீடு என்றால்
இதே சுவரின் மறுபக்கம்தான்.

நான் இந்த முகாமில் பிறந்தவள்.
கடலுக்கு அந்தப் பக்கத்தை
அப்பாவின் சண்டைகளில் மட்டும் பார்த்திருக்கிறேன்.
அங்கே எனக்கு வாக்கு இல்லை.
இங்கேயும் இல்லை.
பதிவேட்டில் ஒரு வரிசை எண் உண்டு,
அதற்கு நேராக அவ்வப்போது ஒரு கையெழுத்து.
இருந்தும் காலையிலிருந்து போனை உருட்டுகிறேன்,
சோறு அடிப்பிடித்தது தெரியாமல்.

ஏழரைக்கு முடிவு வந்தது.
மார்த்தாண்டம் சந்தையில்
பொழுது சாய்ந்தபின் மிஞ்சின மீனுக்குக் கூவுவதுபோல
ஆளாளுக்கு ஒரு எதிர்காலம் கூவினார்கள்.
டொரண்டோவிலிருந்து அருள்நேசன் மாமா எழுதினார்:
ஒருத்தனும் உருப்படான்.
அதற்கு நாற்பது சிரிப்பு, மூன்று கோபம், ஒரு இதயம்.
அந்த இதயம் மாமியுடையது.

‘வாழ்த்துகள்’ என்று அடித்தேன்.
யாருக்கு?
அழித்தேன்.
‘இனியாவது’ என்று அடித்தேன்.
அதற்குப் பின்னால் ஒரு சின்னக் கோடு
மினுங்கி மினுங்கிக் காத்துக்கொண்டிருந்தது.
அதையும் அழித்தேன்.

டிலக்சன் படம் போட்டான்.
இடது சுண்டுவிரல், நகத்தோரம் ஊதா மை.
‘முதல் தடவை.’
விருப்பம் போட்டேன்.
எடுத்தேன்.
மறுபடி போட்டேன்.
ஒரே ஆள், ஒரே இரவு.
எங்கள் பரம்பரையில் முதல் கள்ள வாக்கு.

பிறகுதான் என் கையைப் பார்த்தேன்.
அண்டி ஆப்பீசில் தோடு உடைத்து உடைத்துப்
பத்து விரலும் கருத்த கை.
எண்ணெய் ரேகையைத் தின்றுவிட்டது.
போன் என் பெருவிரலை நம்புவதில்லை,
ரேஷன் கடை மெஷினும் மூன்று முறை கேட்கும்.
குழல்விளக்கின் கீழே விரித்து வைத்துப் படம் எடுத்தேன்.
ஒரு வார்த்தையும் எழுதாமல்
போட்டுவிட்டுப் படுத்தேன்.

விடிந்தபோது நூற்றுப் பன்னிரண்டு விருப்பம்.
என் கல்யாணப் படத்துக்கே அவ்வளவு இல்லை.
டிலக்சன்: அக்கா, நீங்கள் எப்ப வந்து போட்டனீங்கள்?
மாமா: ஆருக்கெண்டு சொல்லன்.
முகம் தெரியாத ஒருவர்:
பத்து விரல், பத்து வாக்கு. இவளைப் பிடியுங்கள்.
சிரித்துவிட்டேன்.
யாரையும் திருத்தவில்லை.
ஒரு நாள் இருக்கட்டும்.

ஆப்பீசில் லீலாபாய் கேட்டாள்:
எட்டீ, ஒங்க ஊருல யாரு ஜெயிச்சா?
எங்கள் ஊர் என்றதில் கொஞ்சம் தடுக்கி
பெயரைச் சொன்னேன்.
அவளுக்கு வாயில் நுழையவில்லை.
ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டாள்.
நல்ல ஆளா?
தெரியாதுக்கா.
அவரு வந்தா அண்டிக்கு வெல கூடுமா?

மடியில் போன் அதிர்ந்தது.
நூற்றுப் பதின்மூன்றாக இருக்கும்.
முழுப்பருப்பு ஒரு தட்டில், உடைந்தது ஒரு தட்டில்.
சாம்பலில் கையைத் தோய்த்துக்கொண்டு
அடுத்ததை எடுத்தேன்.