நாடா டப்பா

ஞாயிறு பத்து மணிக்குக் கதவைத் திறப்பேன்.
மினசோட்டாவின் வட கோடி, ஜனவரி,
மைனஸ் இருபத்தெட்டு.
மூன்று மணி நேரம் ஓட்டி வந்தவர்கள்
பூட்ஸை வாசலில் தட்டியபடியே நிற்பார்கள்,
பனி எப்போதோ உதிர்ந்துபோயிருக்கும்.

முதலில் பைகளைப் பார்க்க வேண்டும், அது விதி.
வாய் கொப்பளிக்கும் மருந்து கூடாது,
ஸ்ப்ரே கூடாது, கம்பிச்சுருள் நோட்டு கூடாது.
தலைமூடி வைத்த ஸ்வெட்டர் என்றால்
கழுத்து நாடாவை உருவிவிட வேண்டும்.
எனக்கு லாவகம் வந்துவிட்டது:
முடிச்சை அவிழ்த்து ஒரே இழுப்பு.
அம்மாக்கள் அப்போது என் கையைப் பார்க்க மாட்டார்கள்.
தீப்பிடித்தால் செய்ய வேண்டியவை என்று
சுவரில் ஒட்டியிருப்பதைக்
கவனமாகப் படிப்பார்கள்.

நாடாக்கள் ஒரு காப்பி டப்பாவில் சேரும்.
ஒவ்வொன்றிலும் துண்டு டேப், அதில் பெயர்.
பிள்ளை வீட்டுக்குப் போகும் அன்று வாங்கிக்கொள்ளலாம்.
பலர் மறந்துவிடுகிறார்கள்.
மறந்ததாக நான் வைத்துக்கொள்கிறேன்.

இன்றைக்குப் புதியவர் ஆர்லோ நீமி.
இரும்புச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவர்.
மகள் பிரிட்டா, பதினாறு வயது, பதினோராம் நாள்.
நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்,
பஸ் வந்தால் ஏறிவிடுகிற மாதிரி.

டெலோரஸ் மகனின் படத்தைக் காட்டினாள்,
பல்லுக்குக் கம்பி போட்ட வருஷத்துப் படம்.
இன்ஷூரன்ஸ் கம்பெனி
முப்பது நாளோடு சரி என்று போட்ட கடிதத்தை
வெண்டெல் நாலாக மடித்தார், விரித்தார், மடித்தார்.

ஆர்லோ கடைசியில் பேசினார், தரையிடம்:
"நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.
முந்தாநாளும்.
இரண்டு வருஷம் குளியலறைக் கதவுக்கு வெளியே
மூச்சுச் சத்தம் கேட்கிறதா என்று உட்கார்ந்திருந்தவன்.
அவளை இங்கே விட்டுவிட்டுப் போய்த்
தூங்குகிறேன்.
எப்பேர்ப்பட்ட தகப்பன்?"

ஹீட்டர் டக் டக்கென்றது.
இந்த மாதிரி நேரத்துக்கு
என்னிடம் வாக்கியங்கள் உண்டு,
பயிற்சியில் கொடுத்தவை, லாமினேட் செய்தவை.
எடுக்கவில்லை.
டெலோரஸ்தான் சொன்னாள்:
"நான் பத்து மணி நேரம் தூங்கினேன்.
எழுந்து பான்கேக் சுட்டேன். தின்றேன். சிரப் ஊற்றி."
யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும்.
சாவு வீட்டில் வரும் சிரிப்பு,
வாயைப் பொத்தினாலும் தோளில் தெரியும்.

இடைவேளையில் காப்பி மேசைக்கு வந்தார்.
"உங்கள் பையனும் இங்கே இருந்தானாமே.
சரியாகிவிட்டதா?"

முதல் வருஷம் ஆமாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.
அந்த ஆமாம்கள்
யார் யார் வீட்டிலோ இன்னும் கிடக்கின்றன,
திருப்பி வாங்க வழியில்லை.
இப்போது உள்ளதைச் சொல்கிறேன்:
மூன்று தடவை இங்கே வந்தான்.
டுலூத்தில் டயர் கடையில் வேலை.
செவ்வாய்க்கிழமை போன் பண்ணினான்,
சூப்பில் உப்பு கூடிவிட்டால் என்ன செய்வதென்று.
"என்ன சொன்னீர்கள்?"
"உருளைக்கிழங்கு போடச் சொன்னேன்."
தலையாட்டினார், மனசில் குறித்துக்கொள்வதுபோல.

பிரிட்டா அப்பாவைப் பார்க்க வரவில்லை.
வராமலிருக்க அவளுக்கு உரிமை உண்டு, அதுவும் விதி.
ஸ்வெட்டரை மட்டும் வாங்கிக்கொண்டாளாம்.
"போட்டுக்கொண்டாளா?"
தெரியவில்லை என்றேன்.
நிஜமாகவே தெரியவில்லை.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
வெண்டெலின் வண்டி கிளம்பவில்லை.
ஆர்லோ தன் லாரியிலிருந்து பேட்டரி கேபிளை எடுத்து வந்தார்.
ஒரு ஆள் போதும், ஆனால்
ஏழு பேரும் இறங்கி நின்றார்கள் அந்தக் குளிரில்,
செல்போன் வெளிச்சம் பிடித்துக்கொண்டு,
ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டு.

நான் உள்ளே வந்து டேப்பைக் கிழித்து
பிரிட்டா என்று எழுதினேன்.
டப்பாவின் அடியில் சாம்பல் நிற நாடா ஒன்று
ஒன்பது வருஷமாகக் கிடக்கிறது.
டேப்பில் மை அழிந்துவிட்டது.
யாருடையது என்று
நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வெளியே இன்ஜின் ஒரு தரம் இருமியது.
இன்னொரு தரம்.