பெறுநர் பட்டியல்

சித்திரை லீவு முடிந்த முதற் கிழமை
வலயக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது.
இரண்டு இலட்சம்.
தலைப்பு: வசதி குறைந்த மாணவர், விளையாட்டு மேம்பாடு.
ஆனி முப்பதுக்குள் செலவழிக்காவிட்டால்
வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

அம்பிளாந்துறைப் பாதையில்
மோட்டார் சைக்கிளுக்கும் ஒரு மூட்டை உமிக்கும் நடுவில் நின்று
மூன்று தரம் வாசித்தேன்.
பாதை ஆடியபோது சைபர்களும் ஆடின.

அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில்
அதிபர் பூபாலரெத்தினம் ஒலிபெருக்கி கேட்டார்.
செயலாளருக்கு வாசலில் ஒரு வளைவு, பெயரோடு.
கரப்பந்து வலை என்றது பின்வாங்கு.
கணித ரீச்சர் தயாளினி மட்டும் என் பக்கம் திரும்பி
'வெறுங்காலோட ஓடுற பிள்ளைகள் எத்தின, சேர்?' என்றா.
பதினொரு வருசம் விசில் ஊதியிருக்கிறேன்.
எண்ணியதில்லை.

படிவத்தில் ஐந்து நிரல்கள்.
இலக்கம், பெயர், தகப்பன் தொழில்,
அஸ்வெசும கிடைக்கிறதா, கையொப்பம்.
காலைக் கூட்டத்தில் வாசிக்கச் சொன்னார்கள்.
வாசித்தேன். என் குரலில் ஒரு பிசகும் இல்லை.

மூன்றாம் பாடவேளை கிதுஷன் வந்தான்.
நானூறு மீற்றரில் எங்களுக்கிருக்கும் ஒரே நம்பிக்கை;
குதிக்காலில் நெருஞ்சி முள் ஒடிந்த கறுப்பு.
'சேர், ஏழாவது பேர வெட்டுங்க.'
சப்பாத்து வேணாமாடா?
'சப்பாத்து வேணும். பட்டியல்தான் வேணாம்.'

அன்றிரவு தயாளினி ரீச்சருக்குப் போன் எடுத்தேன்.
மறுநாள் ஆறாம் வகுப்பிலிருந்து பதினொன்று வரை
எல்லோரும் பழைய பேப்பரில் கால் வைத்தார்கள்.
பென்சிலால் சுற்றிக் கோடு.
கூச்சத்தில் துள்ளியவர்கள், விரலை மடக்கியவர்கள்,
கால் கழுவிவரக் கிணற்றடிக்கு ஓடியவர்கள்.
கடைக்காரர் மகள், மேசன் மகன், அதிபரின் மகளும்.
ஒரு அமைச்சரின் நெற்றியில் மிதுர்ஷிகாவின் பெருவிரல்,
மரண அறிவித்தல்களுக்கு மேல் முழுசாக ஒரு இடது பாதம்.
நூற்று நாற்பத்து மூன்று.
பெயர் எழுதவில்லை. அளவு மட்டும்.

மூன்று கடையில் விலைக்கோரல் எடுக்க வேண்டும்.
மட்டக்களப்பு ரவுணில், கச்சான் காற்றில், ஏறி இறங்கினேன்.
மூன்றாவது கடைக்காரர் கட்டை விரித்துப் பார்த்து
இதெல்லாம் ஆருடைய கால் என்றார்.
பள்ளிக்கூடத்துக் கால் என்றேன்.
விலை குறைக்கவில்லை. குடிக்கத் தண்ணி தந்தார்.

காசுக்கு வந்தது அறுபத்திரண்டு சோடி.
ஒருவருக்கும் கொடுக்கவில்லை.
வெண்கட்டி மாதிரி அவை பள்ளிக்கூடத்துச் சாமான்,
விஞ்ஞான அறை அலுமாரியில், அளவு வாரியாக.
ஓடப் போகிறவர் எடுக்கலாம், ஓடி முடித்தால் வைக்கலாம்.
அலுமாரியைத் திறந்தால் நாறும், உண்மைதான்.
வேப்பிலை போட்டோம்.
வேப்பிலையும் நாறியது.

மிச்சக் காசில் பின்னேரப் பயிற்சிக்கு அவித்த முட்டை, கடலை.
முட்டையைப் பதிவேட்டில் எந்தப் பக்கத்தில் எழுதுவதென்று
எழுதுநர் நேசராசா இரண்டு நாள் யோசித்தார்.
அழியும் பொருள் என்று எழுதினார்.
ஐந்து நிமிசத்தில் அழிந்தது.

வலயப் போட்டியில்
கிதுஷனுக்குக் கொடுத்த நெஞ்சிலக்கம் ஏழு.
ஊசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு தானே குத்திக்கொண்டான்.
அதை வெட்டச் சொல்லவில்லை.
நாலாவதாக வந்தான்.
'கடைசி வளைவில சப்பாத்து பாரம், சேர்,'
கழற்றிக் கையில் பிடித்தபடி சொன்னான்.
பிறகு அதன் மண்ணைத் தட்டினான், ஆருக்கோ வைக்க வேண்டுமே.

ஆவணியில் கணக்காய்வு.
பெறுநர் பட்டியல் எங்கே?
பேப்பர்க் கட்டைத் தூக்கி மேசையில் வைத்தேன்.
உத்தியோகத்தர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்,
சின்னப் பாதமொன்றின் மேல் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்,
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினார்:
கையொப்பங்கள் இல்லை. விளக்கம் தருக.

விளக்கம் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
எட்டாம் அளவில் ஒரு வலதுகால் குறைகிறது;
பாதையிலிருந்து வாவிக்குள் விழுந்ததாகக் கேள்வி.
அந்த ஒன்றுக்கு மட்டும்
கையொப்பம் நான் போடுகிறேன்.