கையெழுத்து

எங்கள் வீட்டில் யாரும் கைரேகை பார்த்ததில்லை.
பார்க்க ரேகை இருந்தால்தானே.
அப்பாவின் உள்ளங்கை
செருப்பின் அடித்தோல்:
மஞ்சளாய்த் தடித்து, ஓரங்களில் வெடித்திருக்கும்.
பர்க்கன்ஹெட் கப்பல் பட்டறையில்
‘உழைத்துக் காய்த்த கை’ என்று மெச்சினார்கள்.
அவர் மறுக்கவில்லை.
சுத்தியலைத் தொடுமுன்பே
ஏழு வயதில் வந்த கை அது என்பது
எங்களுக்கு மட்டும் தெரியும்.

ஐம்பத்திரண்டில்
ரொட்டியின் ஓரத்தை வெட்டி ஒதுக்கத் தொடங்கினார்.
அப்புறம் ரொட்டியைத் தேநீரில் நனைத்தார்.
அப்புறம் வெறும் தேநீர்.
வெள்ளிக்கிழமை மீன் வறுவலை
மேசைக்கடியில் நழுவவிட்டு
“பசியில்லை, மோரா” என்பார்.
அந்த வருஷம் எங்கள் வீட்டில்
நாய் மட்டும் கொழுத்தது.

காரியமெல்லாம் முடிந்தபின் லிவர்பூலில்
ஒரு டாக்டரம்மா தாளில் கட்டம் போட்டாள்.
சதுரம் ஆண், வட்டம் பெண்,
கறுத்தது போனவர்கள்.
லெஸ்லி பெரியப்பா, வினிஃப்ரெட் அத்தை,
அவர்களுக்கு மேலே பெயர் தெரியாத மூன்று பேர்.
ஏனக் சித்தப்பாவுக்குப் பாதிதான் மை.
கையில் அடையாளம் இருந்தது;
தொண்டைக்கு முன்னால்
கடல் முந்திக்கொண்டது அவரை.

“ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருக்கிறது” என்றாள்.
தலையெழுத்து என்பார்கள் ஊரில்.
எங்களுடையது
உள்ளங்கையிலேயே எழுதிக் கொடுத்தது.

பூவா தலையா. அவ்வளவுதான் கணக்கு.
தம்பி டெர்மட்டுக்கு விழுந்தது.
எனக்கு விழவில்லை.
சின்ன வயதில் கொல்லைச் சுவரில்
என் கையைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்திருக்கிறேன்,
அவர்களோடு சேர்ந்துகொள்ள.
தோல் உரிந்தது. தடிக்கவில்லை.

இப்போது அதே கைக்கு உறை மாட்டி
ஊரார் பற்களின் காரை சுரண்டிச் சம்பாதிக்கிறேன்.
பன்னிரண்டு வருஷமாய்
அவன் மட்டும் வாய் திறக்கவில்லை.
சிகரெட் போதாதென்று
ஈறில் ரத்தம், இரண்டு கடைவாய்ப்பல் காலி.
பல் போனால் சொல் போச்சு;
டெர்மட் போனில்கூட
‘ம்’ என்பதோடு சரி.

நவம்பரில் ஒரு நாள்
கடைசி நோயாளியும் போனபின்
துறைமுகத்து மஞ்சள் சட்டையோடு
வந்து நாற்காலியில் விழுந்தான்.

விளக்கை இறக்கினேன்.
கன்னத்தின் உட்புறம்
பாலாடை ஒட்டினாற்போல் வெள்ளை.
அப்பாவுக்கும் இருந்தது;
அன்று எனக்கு அது என்னவென்று தெரியாது.

சுரண்டினேன்.
ஈறில் குடியிருக்கும் கிருமிகள்
விழுங்கும் ஒவ்வொரு மிடறோடும்
கீழே இறங்குகின்றன என்று படித்திருக்கிறேன்.
அவைதாம் தீ வைக்கின்றன என்று
யாரும் அடித்துச் சொல்லவில்லை.
தீ பிடித்த இடத்தருகே
நின்றதைப் பார்த்திருக்கிறார்கள்.

“இது அந்த எழுத்தைத் திருத்துமா?”
“திருத்தாது.”
“பின்னே எதுக்கு?”

இந்தப் பக்கம் துப்பு என்றேன்.

துப்பினான். இளஞ்சிவப்பாய்ச் சுழன்று போயிற்று.
குழாய் விட்டு இரைப்பைவரை பார்க்க
நாள் குறித்த கடிதத்தைக் கொடுத்தேன்.
வருஷம் தவறாமல் வரவேண்டும் என்றேன்.
தாளை மடிக்கும்போது
அவன் கையில் அது
மரத்தில் இழைப்புளி போடுகிற சத்தம் போட்டது.

கதவருகே நின்றான்.
“ஊனாவுக்குக் குதிகால் சொரசொரங்குது.”
“கடற்கரை மணலாயிருக்கும்.”
“நவம்பர்லயா?”

மேசைமேல் இலவச பிரஷ் டப்பா இருந்தது.
எனக்கு முதுகு காட்டிக்கொண்டு
வெகுநேரம் துழாவினான்.
இரண்டு எடுத்துக்கொண்டான்.
ஒன்று சிறியது.