அரைக் குதிரை

பத்தின் விலைக்குப் பன்னிரண்டு நொசில் தந்தார் அஸ்மி நானா.
குச்சவெளி பஸ்ஸில்
மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்
பன்னிரண்டு மழையை.

விடிய மோட்டரைப் போட்டேன்.
ஒன்பது நொசில் வாணி வடித்தன,
பல் முளைக்காத வாய்கள் போல.
கடைசி மூன்றில் அதுவுமில்லை.

பக்கத்துக் காணி யோகநாயகம்
வேலிக்கு மேலால் எட்டிச் சொன்னார்:
'அரைக் குதிரை என்னத்துக்குக் காணும்?
ஒண்டரை வாங்கு.'
வாங்கலாம்.
கிணறு ஒத்துக்கொள்ள வேணும்.
இன்னும் மூன்று முழம் இறங்கினால்
இங்கத்தைத் தண்ணி கடலின் பக்கம் கதைக்கும்.
போன போகம் வெங்காயத் தாள் நுனி கருகினது
அந்தக் கதை கேட்டுத்தான்.

பெயின்ட் வாளி, இருபது லீட்டர்.
போனில் நேரம் பிடித்தேன்: நாற்பத்தொரு செக்கன்.
நிமிசத்துக்கு இருபத்தொன்பது.
நொசிலின் கழுத்தில் பொடி எழுத்தில் நாலு லீட்டர்.
ஏழு என்றது கணக்கு.
ஏழு பூட்டினேன்.
முழங்கால் உயரத்தில் குந்திவிட்டது நீர்.

சாப்பிடக் குந்தியபோது விளங்கியது.
அது திறந்த வாய் சொன்ன எண்.
கழுத்தை நெரித்துக் கேட்டால்
எந்த மோட்டரும் குறைத்துத்தான் சொல்லும்.
நானும்
மின்விசிறிக்குக் கீழே, பிளேன்ரீ குடித்தபடி,
கிழமைக்கு இரண்டாயிரம் கட்டுவேன் என்று
குழுக்கடனுக்குக் கையெழுத்து வைத்தவள்.

ஆசைக்கு மூன்றை மட்டும் விட்டுப் பார்த்தேன்.
புகையாய்ச் சீறியது.
கச்சான் பாத்திக்கு மேலால் கச்சான் காற்று
(பெயர் ஒன்று, உறவு இல்லை)
அள்ளிக்கொண்டு போய்
யோகநாயகத்தின் வேலியை நனைத்தது.
முழங்கை மூட்டு படாரென்று கழன்று
என் சட்டையையும்.

ஐந்து.
ஐந்தில் எழுந்து நின்றது தண்ணீர்.
ஒன்றின் விளிம்பு மற்றதன் காலடியில் விழ,
துளி துளியாய், காற்றுக்குப் பிடிகொடாமல்.
இருபது நிமிசம்.
வால்வைத் திருப்பி, அடுத்த ஐந்து.
கிணற்றில் நேற்றைய ஈரக்கோடு
ஒரு சாணுக்கு மேல் இறங்கவில்லை.

இலவசமாய் வந்த இரண்டும்
மோட்டர் கொட்டில் ஆணியில் தொங்குகின்றன.
அவற்றின் கணக்கும் கடைசியில் சரிதான்.

வெள்ளிக்கிழமை கூட்டம்.
போன கிழமைக்கும் சேர்த்துக் கேட்பாள் அந்த மிஸ்.
என்னிடம் ஒரு எண் இருக்கிறது இப்போது,
சுமையோடு அளந்தது.
இரண்டாயிரம் இல்லை.